வறுத்த பயறு

திருப்புட்குழியில் விஜயராகவப் பெருமாளோடு எழுந்தருளியிருக்கும் தாயாருக்குப் பெயர் மரகதவல்லி. ஊர்க்காரர்களுக்கு அவள் வறுத்த பயறை முளைக்க வைத்த தாயார். பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் மடைப்பள்ளியில் வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு ராத்திரி படுப்பார்கள். விடியும்போது முளை விட்டிருந்தால் மடி நிறையும் என்பது நம்பிக்கை. எனக்குத் தெரிந்த தறிக்காரர் ஒருவர் இருக்கிறார், வயது எழுபதை நெருங்குகிறது. தேர்தல் அறிக்கை வரும்போதெல்லாம் இந்தப் பயறைத்தான் இழுப்பார். "நமக்கு வறுத்தத கட்டி உடறாங்க தம்பி. அஞ்சு வருசம் மடியிலயே வச்சினு தூங்கறோம்."

ஒரு சட்டமன்றத் தேர்தல் நேரத்தில் நான் அவர் வீட்டில் இருந்தபோது வேட்பாளர் ஒருவர் வந்தார். வாசலில் தாரை தப்பட்டை, உள்ளே பத்துப் பதினைந்து பேர், மூச்சு விட இடமில்லை. குழித்தறி என்பது தரையில் பள்ளம் தோண்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்வது. வேட்பாளர் வெள்ளை வேட்டி அழுக்காகும் என்று குழிக்குள் கால் இறக்கவில்லை, ஓரத்தில் குந்திக்கொண்டார். "நாடாவத் தள்ளுங்க தலைவரே" என்றது கூட்டம். தள்ளினார். மிதியை மிதித்தால்தான் பாவு மேலும் கீழுமாகப் பிரிந்து நாடா போக வழி விடும். மிதியின் மேல் யார் காலும் இல்லை. மூடிக் கிடந்த பாவுக்குள் நாடாவின் கூர்முனை பாய்ந்து ஒரு கொத்து இழைகளை அறுத்தது. படம் எடுத்துவிட்டார்கள். கூலியை உயர்த்தித் தருவேன் என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார். பெரியவர் மத்தியானம் முழுக்க ஒவ்வோர் இழையாகத் தேடி எடுத்து முடிச்சுப் போட்டார். அன்றைக்கு ஒரு விரற்கடை கூட நெய்யவில்லை.

எனக்கு வந்தது இரண்டு கோபம் என்பது பிறகு யோசித்தபோதுதான் புரிந்தது. நெய்யத் தெரியாதவர் நெய்வது போலப் படம் பிடித்துக்கொண்டது ஒன்று. மிதிக்காமல் நாடாவைத் தள்ளக் கூடாது என்பதை ஒரு வார்த்தை கேட்காதது இன்னொன்று. முதலாவது வேஷம், இரண்டாவது மதிகேடு. இழை அறுந்தது இரண்டாவதால். ஆனால் தெருவில் அன்று சாயங்காலம் எல்லோரும் திட்டியது முதலாவதை. "நடிப்பு" என்றார்கள், "போட்டோவுக்கு வந்தான்" என்றார்கள். யாரும் "மிதிக்கத் தெரியலையே" என்று சொல்லவில்லை. அரசியல்வாதிகள்மீது நமக்கு இருக்கும் சலிப்பு பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது: சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள இடைவெளியை அளக்கிறோம், செயல் சரியா என்று பார்ப்பதில்லை. இந்த இரண்டு குற்றங்களையும் பிரித்துவைத்து, எது நம்மை அதிகம் கெடுத்தது என்று எழுபது ஆண்டுக் கதையைப் புரட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. புரட்டுவதற்குக் காஞ்சிபுரத்தைவிடத் தோதான இடம் கிடைக்காது.

வள்ளுவர் இதைப் பிரித்துத்தான் வைத்திருக்கிறார். உள்ளொன்று வைத்துப் புறமொன்று காட்டும் குற்றத்துக்கு அவர் கொடுத்த அதிகாரம் கூடாவொழுக்கம், 28ஆவது. அது இருப்பது துறவறவியலில். அங்கே வாங்கிக் கட்டிக்கொள்பவர் காவி கட்டிய போலி, மகுடம் வைத்தவர் இல்லை. அரசனுக்கு என்று பொருட்பாலில் அரசியல் பகுதியில் வைத்தவை வேறு: தெரிந்துசெயல்வகை 47, அடுத்தடுத்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல், 51இல் தெரிந்துதெளிதல். ஒரு காரியத்தில் இறங்குமுன் வரவு செலவு பார், உன் பலம் பார், நேரம் பார், ஆளைப் பார் என்று ஐந்து அதிகாரம், ஐம்பது குறள். ஆள்பவனுக்கு வாய்மை வேண்டாம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை, அறத்துப்பால் எல்லோருக்கும்தான். ஆனால் ஆள்பவனிடம் எதை முதலில் தேட வேண்டும் என்பதில் அவருக்கும் நமக்கும் இடையே ஒரு விலகல் இருக்கிறது. நாம் அமைச்சரைச் சாமியாராக வைத்துப் பார்க்கிறோம். அதனால்தான் அவர் வேஷம் போட்டால் கொதிக்கிறோம், கணக்குத் தப்பினால் கொட்டாவி விடுகிறோம்.

1953க்குப் போவோம். கைத்தறி வரலாற்றில் அது கறுப்பு வருஷம். நெய்த துணி விற்காமல் குவிந்தது, நெசவாளர் குடும்பங்கள் கஞ்சித் தொட்டியில் நின்றன. அந்த வருஷத் தொடக்கத்தில், காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணாவும் அவர் கட்சிக்காரர்களும் கைத்தறித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக விற்றார்கள். அதுவும் ஒரு படம்தான், அதிலும் கட்சிக்கு ஆதாயம் இருந்தது. ஆனால் அந்தப் படத்தில் துணி விற்றது. மறுபக்கம் ஆட்சியில் இருந்தவர் ராஜாஜி. அவர் வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்குங்கள் என்று தம் கட்சியே ஆண்ட டெல்லியோடு மல்லுக்கு நின்றார். முழுதாகக் கிடைக்கவில்லை. ஆலைகளின் வேட்டி உற்பத்திக்கு ஒரு கட்டுப்பாடு வந்தது. அதே 1953இல் ஆலைத் துணிக்குக் கெஜத்துக்கு 3 தம்படி கூடுதல் தீர்வை போட்டு அந்தப் பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் திருப்பிவிடும் சட்டமும் வந்தது. நெசவாளர் கூட்டுறவு சங்கங்கள் காலூன்றியதில் அந்தத் தம்படிக்குப் பங்கு உண்டு. தெருவில் துணி விற்ற எதிர்க்கட்சியும் டெல்லிக்குக் கடிதம் எழுதிய முதலமைச்சரும் பரம விரோதிகள். பாவு ஒன்று, ஊடை ஒன்று என்று இருவரும் சேர்ந்து நெய்தது போல இருக்கிறது இப்போது பார்த்தால்.

அதே ராஜாஜி, அதே 1953, சில மாதம் கழித்து. கிராமத் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் படிப்பு போதும், மிச்ச நேரம் வீட்டில் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம். சட்டமன்றத்தையும் கேட்கவில்லை, சொந்தக் கட்சிக்காரர்களையும் கலக்கவில்லை. குலக்கல்வி என்று பெயர் வாங்கி அது எரிந்தது. 1954இல் அவர் பதவி விலகினார், காமராஜர் வந்து திட்டத்தைத் தூக்கிப் போட்டார். இதில் இரட்டை வேஷம் துளிகூட இல்லை. அவர் அதை மனசார நம்பினார், மறைக்கவும் இல்லை. இடம் போதாமல் பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே நிற்கிறார்கள், முறை வைத்தால் இரண்டு மடங்கு பேர் படிக்கலாம் என்று ஒரு கணக்கும் வைத்திருந்தார். கணக்கில் வராமல் போனது ஒன்றே ஒன்று: தறிக் குழிக்குள் இறங்கிய பையன் திரும்ப மேலே வருவது எவ்வளவு கஷ்டம் என்பது. எனக்குத் தெரிந்த பெரியவர் ஒன்பது வயதில் தார் சுற்ற உட்கார்ந்தவர். அவருக்குத் திட்டம் எதுவும் தேவைப்படவில்லை. பசியே போதுமாக இருந்தது. அதற்கு மேல் அரசாங்கமும் சேர்ந்து தள்ள வேண்டுமா என்பதுதான் கேள்வி. உண்மையாக இருப்பதால் ஒருவர் சரியாகவும் இருப்பார் என்று நினைப்பவர்கள் 1953ஐ இரண்டு முறை படிக்க வேண்டும்.

எதிர்ப்பக்கச் சாட்சியும் இருக்கிறது. ராஜாஜியைக் குல்லுக பட்டர் என்று மேடைமேடையாக வைத தி.மு.க., 1967 தேர்தலில் அதே ராஜாஜியின் சுதந்திராக் கட்சியோடு கைகோத்தது. கொள்கைக்காரர்கள் பார்வையில் இதைவிடப் பெரிய பல்டி வேறில்லை. கணக்கு மட்டும் தப்பவில்லை. 1962இல் சொந்த ஊரான காஞ்சிபுரத்திலேயே தோற்ற அண்ணா, ஐந்தே வருஷத்தில் முதலமைச்சர் ஆனார். அந்தத் தேர்தலில் பிரபலமான வாக்குறுதி ரூபாய்க்கு மூன்று படி அரிசி. மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று பேச்சில் ஒரு வாய்க்கால் வெட்டி வைத்திருந்தார்கள். சென்னையிலும் கோவையிலும் ஒரு படி தொடங்கினார்கள். கஜானா தாங்காமல் அதுவும் நின்றது. காங்கிரஸ்காரர்கள் பல வருஷம் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். அந்த வாக்குறுதி வேஷமா? நான் அப்படி நினைக்கவில்லை, அளவு பிசகிய ஆசை என்றுதான் படுகிறது. சோறு பற்றிய பேச்சு தேர்தலின் நடுவில் வந்து உட்கார்ந்ததும், அரிசி விலை பிறகு எந்த ஆட்சியாலும் தட்ட முடியாத விஷயமானதும் அதிலிருந்துதான். வறுத்த பயறில் ஒன்று முளைத்தது என்று பெரியவர் கணக்கில் இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்து 1985. கைத்தறிக்கு மட்டும் என்று சில ரகங்களை ஒதுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. 22 ரகங்கள் பட்டியலில் ஏறின. விசைத்தறி உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள், தடை வாங்கினார்கள். 1993இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லும்வரை அது காகிதத்தில் தூங்கியது. விழித்த பிறகு நடந்தது இன்னும் வேடிக்கை: 1996இல் பட்டியல் பாதியாகி 11 ரகங்கள் ஆயிற்று. பட்டுச் சேலை பட்டியலில் இன்னும் இருக்கிறது. ஆனால் காஞ்சிபுரத்துக் கடைத்தெருவில் நடந்து பாருங்கள். கைத்தறியில் நெய்த கோர்வைச் சேலையையும் விசைத்தறியில் ஓட்டியதையும் ஒரே விளக்குக்குக் கீழே ஒரே பெயரில் விரித்துப் போடுகிறார்கள். கோர்வை என்றால் உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து வரிக்கு வரி கோத்து வாங்குவது. துணைக்கு ஓர் ஆள் வேண்டும், ஒரு சேலைக்கு வாரக்கணக்கில் நாள் பிடிக்கும். 2005 வாக்கில் கிடைத்த புவிசார் குறியீடு ஒரு பெயரைக் காத்தது. அந்தப் பெயரைச் சொல்லி விற்பவரைச் சோதிக்கத் தேவையான ஆட்களையும் அபராதத்தையும் யாரும் பெரிதாகத் தேர்தல் மேடையில் கேட்டதில்லை. ஒதுக்கீட்டை எதிர்த்து எந்தக் கட்சியும் ஓட்டுக் கேட்டதில்லை, அதே சமயம் அமல்படுத்தியதற்காக ஓட்டுக் கேட்டவரும் இல்லை. விசைத்தறியும் ஓட்டுத்தான், கைத்தறியும் ஓட்டுத்தான்.

இந்த வரிசையில் மிகக் கூர்மையான அத்தியாயம் 2015க்குப் பிறகு. அந்த ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் தேதி பிரதமர் மோடி சென்னைப் பல்கலைக்கழக நூற்றாண்டு மண்டபத்தில் முதலாவது தேசிய கைத்தறி நாளைத் தொடங்கிவைத்தார். 1905இல் அதே தேதியில் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் தொடங்கியது என்பதால் அந்த நாள். நெசவாளர்கள் நெஞ்சு நிமிர்ந்தார்கள், பொய் சொல்லவில்லை, காஞ்சிபுரத்தில் எனக்குத் தெரிந்தவர்களே பெருமையாகப் பேசினார்கள். 2016 நவம்பர் 8 ராத்திரி பணமதிப்பிழப்பு. கூலி கைக்காசாக நடக்கும் தொழிலில், கல்யாணப் பருவத்தில், புழங்கும் பணத்தில் 86 விழுக்காட்டு மதிப்பு ஒரே ராத்திரியில் செல்லாமல் போனது. கறுப்புப் பணம் திரும்பி வராது என்று சொன்னார்கள். 99 விழுக்காட்டுக்கு மேல் வங்கிக்குத் திரும்பிவிட்டது என்று ரிசர்வ் வங்கி 2018இல் கணக்குச் சொன்னது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி.; கைத்தறித் துணிக்கு 5 விழுக்காடு. தறிக்காரர் பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லைதான், ஆனால் பட்டும் சரிகையும் அவர் கைக்கு வரியோடுதான் வருகின்றன. பிறகு 2020 ஜூலை 27: அகில இந்தியக் கைத்தறி வாரியம் கலைக்கப்பட்டது. ஊரடங்கில் தறிகள் நின்றுகிடந்த நேரம். கைத்தறி நாளுக்குப் பதினொரு நாள் பாக்கி. வாரியம் கலைந்த கையோடு கைத்தறி வாழ்த்துகளும் வந்தன.

இதில் எது நம்மைக் கொதிக்க வைத்தது? பதினொரு நாள். அந்த இடைவெளி கண்ணில் குத்துகிறது, மீம் போட வசதி. ஆனால் அந்த வாரியம் உயிரோடு இருந்தபோதே பெரிதாகக் கூடிப் பேசியது கிடையாது. அது போனதில் தறிக்காரர் இழந்தது டெல்லியில் ஒரு நாற்காலி. 2016 நவம்பரில் அவர் இழந்தது வீட்டுச் சோறு. அந்த முடிவில் வேஷம் தேடினால் கிடைக்காது. நல்லது செய்வதாக நம்பியேதான் செய்தார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அதுதான் பயமாக இருக்கிறது. நாடெங்கும் 1995-96 கணக்கெடுப்பில் 65 லட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர்கள் 2009-10இல் 43 லட்சம், 2019-20இல் 35 லட்சம். மூன்றில் இரண்டு பங்கு நெசவுக் குடும்பங்களின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்குள் என்பது கடைசிக் கணக்கு. இந்தச் சரிவுக்கு எந்த ஒரு கட்சியின் இரட்டை நாக்கையும் காரணம் காட்ட முடியாது.

மாநில அரசின் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். 1983இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டம் நெசவாளருக்கு வேலை கொடுக்க என்றுதான் பிறந்தது. நாளடைவில் அதில் பெரும்பகுதி விசைத்தறிக்குப் போனது. 2023இல் இலவச மின்சாரத்தைக் கூட்டினார்கள்: கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட், விசைத்தறிக்கு 1,000. கைத்தறிக்கு மின்சாரம் விளக்குக்கும் விசிறிக்கும்தான், ஆகவே இது ஓரவஞ்சனை என்று சொல்ல மாட்டேன். ஆனால் போட்டியில் ஓடும் இரண்டு பேருக்கும் ஒரே கை தண்ணீர் கொடுக்கிறது, ஒருவனுக்குச் சைக்கிளும் கொடுக்கிறது. சில முடிவுகள் உண்மையிலேயே கஷ்டமானவை. 2021 மத்திய பட்ஜெட் கச்சாப் பட்டின் இறக்குமதித் தீர்வையை 10இலிருந்து 15 விழுக்காடாக்கியது. பட்டுப்புழு வளர்க்கும் விவசாயிக்கு அது நல்லது, நெய்பவருக்கு அடி. இரண்டு ஏழைகளுக்கு நடுவே ஒரு கோடு. அதை எங்கே போட வேண்டும் என்று அரசியல்வாதி யோசித்ததைக் கேட்க நாம் எத்தனை பேர் காது கொடுத்தோம்?

வேட்டி விவகாரத்தை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்க மனமகிழ் மன்றத்துக்கு வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. தமிழ்நாடே கொதித்தது. எல்லாக் கட்சியும் ஒரே குரல். அடுத்த மாதமே, வேட்டிக்குத் தடை போட்டால் தண்டனை என்று சட்டம் வந்துவிட்டது. வேட்டி எந்த வாசலில் நுழையலாம் என்பதில் இத்தனை வேகம். அந்த வேட்டி எந்தத் தறியில் நெய்தது என்று அன்றைக்கு ஒரு கரைவேட்டியும் கேட்கவில்லை.

நிலத்துக்கு வருவோம். 2018இல் அ.தி.மு.க. ஆட்சியில் சென்னை–சேலம் எட்டுவழிச் சாலை, 277 கிலோமீட்டர். காஞ்சிபுரம் மாவட்டத்திலும் நிலம் அளந்தார்கள், அழுத பெண்களின் படங்கள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. தி.மு.க. விவசாயிகள் பக்கம் நின்றது. பா.ம.க.வின் அன்புமணி வழக்கே போட்டார். 2019 ஏப்ரல் 8ஆம் தேதி உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது; அன்றைக்கு மக்களவைத் தேர்தல் பிரசாரம் நடந்துகொண்டிருந்தது, வழக்கில் வென்றவரின் கட்சி சாலை போட வந்தவர்களின் கூட்டணியில் இருந்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. 2021இல் ஆட்சி மாறியது. அடுத்த வருஷம் பொதுப்பணித் துறை அமைச்சர் எ.வ. வேலு, நாங்கள் சாலையை எதிர்க்கவில்லை, விவசாயிகளிடம் பேசச் சொன்னோம் என்கிற மாதிரி விளக்கம் சொன்னார். அதே 2022 ஆகஸ்டில் பரந்தூர் விமான நிலைய அறிவிப்பு. அங்கேயுள்ள ஏகனாபுரத்தில் சாயங்காலமானால் கூடி உட்கார்ந்து போராட ஆரம்பித்தார்கள். 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். காஞ்சிக்குத் தெற்கே பாலாற்றைத் தாண்டி, செய்யாறு பக்கம் மேல்மாவில் சிப்காட்டுக்கு நிலம் தர மறுத்தவர்களில் ஏழு பேர்மீது 2023 நவம்பரில் குண்டர் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் ஆறு பேர்மீது போட்டதைச் சில நாளிலேயே விலக்கிக்கொண்டார்கள். 2025 ஜனவரியில் நடிகர் விஜய் பரந்தூர் போனார், விமான நிலையம் வேண்டாம் என்று சொல்லவில்லை, இங்கே வேண்டாம் என்றார். எதிர்க்கட்சியில் இருப்பவர் எல்லோருக்கும் பொருந்துகிற வாக்கியம் அது.

இந்தக் கதையை எங்கே சொன்னாலும் கேட்பவர் தலையாட்டிச் சிரிக்கிறார். சிரித்து முடித்ததும் பேச்சும் முடிந்துவிடுகிறது. பரந்தூரில் இருப்பது ஏரிகளும் அவற்றுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கம்பன் கால்வாயும். சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் தேவைதானா என்றால் தேவை என்றுதான் நான் நினைக்கிறேன். ஏரிக்குள் வேண்டுமா, அந்தத் தண்ணீர் மழைக்காலத்தில் வேறெங்கே போகும் என்ற கேள்விக்கு, நேற்று என்ன பேசினாய் இன்று என்ன பேசுகிறாய் என்ற விளையாட்டில் விடை கிடையாது. நாளைக்கு ஒரு கட்சி நேற்றும் இன்றும் ஒரே மாதிரி பேசிக்கொண்டே அந்த ஏரியில் மண் கொட்டலாம்.

தண்ணீர் எங்கே போகும் என்பது நமக்கு ஏற்கெனவே ஒரு தடவை தெரிந்தது. 2015 டிசம்பர் 1 ராத்திரி செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அடையாற்றங்கரை மூழ்கியது. அந்த வெள்ளத்தைப் பற்றி யாரிடமாவது கேளுங்கள். முதலில் வருவது ஸ்டிக்கர். வெளியூர்களிலிருந்து வந்த நிவாரணப் பொட்டலங்களில் முதலமைச்சர் படம் போட்ட ஸ்டிக்கரை ஒட்டச் சொல்லி வற்புறுத்தினார்கள் என்று வந்த செய்திகள். ஸ்டிக்கர் என்ற சொல்லே அரசியல் வசையாகிவிட்டது. ஏரியை எப்போது, எவ்வளவு, யார் சொல்லித் திறந்தார்கள் என்பதைத் தணிக்கைத் துறை ஆராய்ந்து, இது மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று எழுதியது. அந்த அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது 2018 ஜூலையில். இரண்டரை வருஷம். அது வந்த நாளில் டீக்கடையில் பேசிக்கொண்டது எனக்கு நினைவில்லை. ஸ்டிக்கரால் யாரும் சாகவில்லை.

(மதிகேட்டுக்குக் காஞ்சி மண்ணில் இன்னும் பழைய சாட்சி உண்டு. 1780 செப்டம்பர் 10, புள்ளலூர். ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை அங்கே நொறுக்கினார்கள். ஹெக்டர் மன்றோ பெரும் படையோடு சில மைல் தூரத்தில் காஞ்சிபுரத்தில்தான் இருந்தார். தானிய மூட்டைகளைக் காக்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டு, பிறகு கனரகப் பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு ஓடினார். மன்றோ நேர்மையான சிப்பாய்தான் என்று எழுதியிருப்பார்கள். புள்ளலூர் வயலில் விழுந்தவர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.)

வேஷத்துக்கும் ஒரு பயன் இருக்கிறது என்று சொன்னால் அடிக்க வருவீர்கள். ஜூடித் ஷ்க்லர் என்ற அரசியல் அறிஞர் 1984இல் எழுதிய ஒரு புத்தகத்தில், ஜனநாயகத்தில் இரட்டை வேஷத்தைத் தேடித் தேடிப் பிடிப்பதே தொழிலாகிப் போகும், அதைவிடக் கொடூரம்தான் முதலில் வெறுக்க வேண்டிய குற்றம் என்று வாதாடினார். எனக்கு அதைவிடச் சின்னக் காரணம் ஒன்று போதும். வெளியில் சொன்ன சொல் ஒரு கயிறு. அதைப் பிடித்து இழுக்கலாம். துணிகளுக்கான ஜி.எஸ்.டி.யை 2022 ஜனவரி 1 முதல் 12 விழுக்காடாக்குவதாக முடிவெடுத்துவிட்டு, நெசவூர்களும் மாநிலங்களும் சத்தம் போட்டதும் டிசம்பர் 31ஆம் தேதி, ஒரு நாள் இருக்கும்போது, தள்ளிவைத்தார்கள். வருஷா வருஷம் ஆகஸ்டில் கைத்தறியைப் புகழ்ந்து பேசாத அரசாக இருந்திருந்தால் அந்தக் கயிறு கையில் இருந்திருக்காது. வாய்க்கு வந்ததைச் செய்து, அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டு திரிபவர்களை உலகம் இப்போது நிறையப் பார்க்கிறது. அவர்களிடம் வேஷம் இல்லை. இழுக்கக் கயிறும் இல்லை.

நம் பங்கைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரையும் ஒரு வேஷம். திருப்புட்குழி வழியாகப் போகிற நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே போனால் வேலூர். 2019இல் பணம் பிடிபட்டதால் அங்கே மக்களவைத் தேர்தலையே ரத்து செய்தார்கள். 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகரிலும் அப்படித்தான், அங்கே டிசம்பரில் மறுபடி நடந்தபோது இருபது ரூபாய் நோட்டு டோக்கன் ஆன கதையை ஊரே சிரித்துச் சொல்லியது. வாங்கியவர்கள் வேறு கிரகத்திலிருந்து வரவில்லை. என் வீட்டுக் கல்யாணத்துக்கு வாங்கிய பன்னிரண்டு சேலைகளில் முகூர்த்தச் சேலை ஒன்றுதான் கோர்வை. மிச்சம் பதினொன்றும் எந்தத் தறியில் ஓடியவை என்று கேட்கவில்லை, விலையைக் கேட்டேன். கைத்தறியைப் பற்றி அதற்கு முன்பும் பின்பும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "பதினொண்ணும் கோர்வைனா நீ கடன்காரன் ஆயிருப்ப" என்றார். வரவு செலவு பார்த்துப் பேசுகிற மனிதர்.

திருப்புட்குழி என்ற பெயரே ஒரு தப்புக் கணக்கிலிருந்து வந்தது. புள் என்றால் பறவை; ஜடாயுவை ராமன் இங்கேதான் குழியில் இட்டுக் காரியம் செய்தான் என்பது தலபுராணம். மூலவர் ஜடாயுவைத் தொடையில் தாங்கிய கோலம் என்பார்கள், வெளியே ஜடாயு தீர்த்தம். அந்தப் பறவை ஏன் செத்தது? மான் பொன்னால் ஆனது என்று ஒருவன் பின்னால் ஓடினான். அது மாரீசன் வேலை, போகாதே என்று கூட இருந்த தம்பி சொல்லியும் ஓடினான். அவனிடம் வேஷம் இல்லை. வேஷம் போட்டதெல்லாம் மானும் சந்நியாசியும். விலை கொடுத்தது, யாரும் கூப்பிடாமல் வந்து குறுக்கே விழுந்த ஒரு கிழக் கழுகு. ஆனால் அந்த அரசகுமாரன் செய்ததை ஊர் நினைவில் வைத்திருக்கிறது: தன் கணக்கு தப்பியதால் செத்தவனைத் தன் தொடையில் கிடத்தி, தகப்பனுக்குச் செய்கிற கடனைத் தன் கையால் செய்தான். வெள்ளத்துக்கும் நோட்டுக்கும் நிலத்துக்கும் யார் வந்து அப்படி உட்கார்ந்தார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். 2015 டிசம்பருக்குப் பொறுப்பேற்று இன்றுவரை ஒரு கையெழுத்துகூட இல்லை.

போன மாசம் பெரியவரைப் பார்க்கப் போயிருந்தேன். தங்கம், வெள்ளி ஏறினதால் சரிகை விலை ஏறி, முதலாளி பாவு கொடுப்பதைக் குறைத்துவிட்டார். நான்கு தறி இருந்த வீட்டில் ஒன்றுதான் ஓடுகிறது. அன்றைக்கு அறுந்த இழைகளோடு நெய்து முடித்த சேலையைப் பற்றிக் கேட்டேன். முடிச்சுகள் தெரிகின்றன என்று கூலியில் பிடித்துக்கொண்டார்களாம். வேட்பாளர் என்ன ஆனார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குழியை எட்டிப் பார்த்தபோது மிதிக்குக் கீழே, ஈரத் தரையில், பளபளவென்று ஒரு தேர்தல் நோட்டீஸ் விரித்திருந்தது. தறி ஓரத்தில் குந்தி நாடாவைத் தள்ளுகிற அந்தப் படம். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு அவர் காலை அதன்மேல் வைத்து மிதியை அழுத்தினார், பாவு வாய் திறந்தது.

"நல்ல வழவழப் பேப்பர் தம்பி. ஈரம் ஏறாது."